“அர்ஜென்ட் கண்ணு, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ”

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து, பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்ட 44 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். அப்பா சித்திரை மாதம் காலமானார். 71 வயது அம்மா பெரியண்ணன் வீட்டில் இருக்கிறார். இரண்டு அண்ணன்கள், இவர் ஒரே பெண். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பும், வீடு நிற்கிற 12 சென்ட்டும் இன்னும் அப்பா பேரிலேயே இருக்கின்றன. உயில் எதுவும் இல்லை என்கிறார்கள்.

பதினாறு முடிந்த மறு வாரமே பெரியண்ணன் போன் செய்திருக்கிறார்: “தோப்புக்குக் கோயம்புத்தூர் பார்ட்டி வந்தாச்சு, அட்வான்சும் வாங்கியாச்சு. அர்ஜென்ட் கண்ணு. நீ வந்து ஒழிமுறியில ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ.” ஒழிமுறி என்றால் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். விற்றபின் ஐந்து லட்சம் தருவதாக வாய்வார்த்தை. பத்திரம் மலையாளத்தில். இவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. குறித்த நாளில் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். இப்போது, “அப்பா போய் நாலு மாசத்துக்குள்ள பதியலைன்னா உன் பங்கும் இல்ல, எங்க பங்கும் இல்ல. ஓணத்துக்கு முன்னாடி முடிச்சாகணும், லீவு விழுந்தா ஆபீஸ் இருக்காது” என்று நெருக்குகிறார்கள்.

கல்யாணத்தின்போது 50 ரூபாய் பத்திரத்தில் ‘இனி பங்கு கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்ததும், 1989க்குப் பிறகு கல்யாணமான பெண்களுக்குத்தான் பங்கு என்று அக்கம்பக்கத்தில் சொன்னதும் இவரைக் குழப்புகின்றன. இவர் கல்யாணம் அந்த வருடத்துக்குப் பிறகுதான் என்றாலும், தமிழ்நாட்டில் வாழ்பவருக்குக் கேரளத்து நிலத்தில் அது செல்லுமா என்று சந்தேகம். “இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் வராவிட்டால் கேஸ் போடலாமா? போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமா?” என்று முடித்திருக்கிறார்.

வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, காய்ச்சல் என்று பொய் சொன்னது உங்களை உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பத்திரத்தை, முன்கூட்டிக் கண்ணில்கூடப் பார்க்காமல், ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வராந்தாவில் வைத்துக் கையெழுத்துப் போட மனசு தயங்கியதில் தப்பே இல்லை. ஆனால் இனிமேல் காய்ச்சல் வேண்டாம். “படிச்சுப் பார்க்காம போட மாட்டேன்” என்று நேராகவே சொல்லலாம். அப்படிச் சொல்வதால் சட்டப்படி உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வராது.

உங்கள் கடிதத்தில் பத்திக்குப் பத்தி வருகிறது ‘அர்ஜென்ட்’. நம் எல்லைப் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலப் புழங்குகிற சொல் அது. ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டாலும் அர்ஜென்ட், கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்து வாங்கினாலும் அர்ஜென்ட். அதனாலேயே அதைக் கேட்டவுடன் நாம் ஓட ஆரம்பித்துவிடுகிறோம். சொத்து விஷயத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் இரண்டே கேள்வி கேளுங்கள். யாருக்கு அர்ஜென்ட்? எந்தக் காகிதத்தில் அந்தத் தேதி எழுதியிருக்கிறது?

உங்கள் விஷயத்தில் பதில் கடிதத்திலேயே கிடக்கிறது. அண்ணன் அட்வான்ஸ் வாங்கி அக்ரிமென்ட் போட்டுவிட்டார். அந்த அக்ரிமென்டில் ஒரு கெடு இருக்கும். நிலம் இன்னும் இறந்தவர் பேரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்குகிறவரின் வக்கீல் ‘தங்கச்சியும் அம்மாவும் ஒழிமுறி எழுதித் தரட்டும்’ என்று சொல்லியிருப்பார். ஆக, கெடு அண்ணனுக்கும் அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கும் நடுவில் உள்ளது. நீங்கள் அந்த அக்ரிமென்டில் கையெழுத்துப் போடவில்லை. அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

இதனால் அண்ணன் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் வட்டிக்கு வாங்கியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நெருக்கடி நிஜமாகவே இருக்கலாம். அதைத் தீர்க்க நீங்கள் உதவலாம், உதவ விரும்புகிறீர்கள் என்றும் தெரிகிறது. ஆனால் உதவி வேறு, என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிடுவது வேறு.

நாலு மாதக் கணக்கு

இதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது, அதனால் முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன். அப்பா இறந்து நான்கு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் வாரிசுகளின் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 23ஆம் பிரிவில் நான்கு மாதம் என்று ஒரு கெடு உண்டு. ஆனால் அது, கையெழுத்தாகிவிட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோவதற்கான கெடு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும், இறந்த நாளிலிருந்து அல்ல. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் அபராதம் கட்டி மேலும் நான்கு மாதம் வரை பதிய 25ஆம் பிரிவில் வழியும் இருக்கிறது. யாரோ இதை அரைகுறையாகச் சொல்லி, அண்ணனும் அதை அப்படியே நம்பியிருக்கலாம். நீங்கள் இன்னும் கையெழுத்தே போடவில்லை. ஆகவே உங்களுக்கு எந்த நான்கு மாதமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அப்பா கண் மூடிய அந்த நொடியிலேயே உங்கள் பங்கு உங்களுக்கு வந்துவிட்டது. அதற்குப் பத்திரம் வேண்டாம், அண்ணன் சம்மதமும் வேண்டாம். தோப்பில் அண்ணன் தேங்காய் வெட்டுவதாலோ, வில்லேஜ் ஆபீசில் அவரே கரம் (நிலவரி) கட்டுவதாலோ உங்கள் பங்கு கரைந்துவிடாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் அது எல்லோருக்காகவும் இருப்பதாகத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ‘உனக்கு இதில் ஒன்றும் இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, உங்களை ஒதுக்கி 12 வருடம் அனுபவித்தால்தான் சிக்கல். அதற்காகப் பத்து வருடம் சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. ஓணம் கழித்து நிதானமாகப் பேச நேரம் நிறைய இருக்கிறது என்கிறேன்.

உங்கள் பங்கு எவ்வளவு?

அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை, குடும்பம் இந்துக் குடும்பம். இந்த மூன்றும் சரி என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தோப்பில் உங்கள் கால் பங்கு 62½ சென்ட், வீட்டிடத்தில் 3 சென்ட். அண்ணன் சொல்லும் ஐந்து லட்சத்தைத் தோப்புக்கு மட்டும் வகுத்தாலே சென்ட்டுக்கு 8,000 ரூபாய்தான் வருகிறது. உங்கள் பக்கத்தில் தண்ணீர் வசதியோடு தென்னந்தோப்பு என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று உங்கள் வீட்டுக்காரரை விட்டு நாலு இடத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். குறைந்த பணத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில்லை. கூடப் பிறந்தவர்களுக்காக முழுதாக விட்டுக்கொடுத்த பெண்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள் என்பதே என் கவலை.

1989 கதை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு கொண்டுவந்த திருத்தம், மூதாதையர் வழிவந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை தந்தது. 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது என்றது. பிறகு 2005இல், எப்போது கல்யாணமானாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியும் விட்டது. எப்படியிருந்தாலும் உங்கள் அப்பாவின் சொத்து மூதாதையர் சொத்தே அல்ல, நிலம் இருப்பதும் கேரளத்தில். கல்யாண வருடம் உங்கள் விஷயத்தில் பொருட்டே இல்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதும் அப்படித்தான். வழக்கு என்று வந்தால் நிலம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் போட வேண்டும், அது ஒன்றுதான் அலைச்சல்.

கல்யாணத்தில் எழுதிய அந்த 50 ரூபாய் பத்திரம்

அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் சொத்தில் உங்களுக்கு வெறும் எதிர்பார்ப்புதான் இருந்தது, உரிமை இல்லை. கையில் இல்லாத ஒன்றை எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் சொத்து மாற்றுச் சட்டம் 6ஆம் பிரிவின் அடிப்படை. பதிவாகாத அந்தக் காகிதத்தை வைத்து மட்டும் உங்கள் பங்கை மறுக்க முடியாது. நகை போட்டுக் கட்டிக் கொடுத்ததும் பங்குக்கு ஈடாகாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. பங்குக்குப் பதிலாக என்று ஒரு தொகையோ சொத்தோ வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால், பிறகு பங்கு கேட்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் தடுக்கலாம். 2023இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் அந்தக் காகிதத்தில் சரியாக என்ன எழுதியிருக்கிறது, பணம் பற்றி ஏதாவது வாசகம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அண்ணனிடம் நகல் கேளுங்கள்.

ஒழிமுறியில் எங்கே கண் வைக்க வேண்டும்

தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் என்பதைத்தான் நம் பக்கம் ஒழிமுறி என்கிறார்கள். பதிவாகிவிட்டால் அந்தச் சொத்தில் உங்கள் உரிமை முடிந்தது. ‘ஒரு கையெழுத்து மட்டும்’ என்று சொல்லக்கூடிய காகிதம் அல்ல அது.

நகல் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்துப் பட்டியலைப் பாருங்கள். அங்கே ஏக்கரும் சென்ட்டும் இருக்காது, ஹெக்டேர், ஆர் (100 சதுர மீட்டர்), சதுர மீட்டர் என்று இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஆர். உங்கள் இரண்டரை ஏக்கர் தோப்பு சுமார் 1 ஹெக்டேர் 1 ஆர் 17 சதுர மீட்டர். 12 சென்ட் வீட்டிடம் சுமார் 4 ஆர் 86 சதுர மீட்டர். பட்டியலில் தோப்பின் சர்வே எண்ணோடு இன்னொரு எண்ணும், பக்கத்தில் நாலரை, ஐந்து ஆர் கணக்கில் ஓர் அளவும் இருந்தால், வீட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்களை வாசிக்க மலையாளம் தேவையில்லை, இதை நீங்களே பார்த்துவிடலாம். ‘மற்றும் தகப்பனார் வகை இதர சொத்துகள் அனைத்திலும்’ என்கிற மாதிரி வாசகம் இருக்கிறதா என்பதை மட்டும் வாசிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் அண்ணன் ஏற்பாடு செய்த ஆதாரம் (பத்திரம்) எழுதுகிறவராக இருக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய ஒரு டீச்சராக இருந்தாலும் போதும், வக்கீலாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து பணம். இந்த மாதிரிப் பத்திரங்களில் ‘பேசிய தொகையை முழுதும் கைப்பற்றிக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். விற்றபின் தருகிறேன் என்று அண்ணன் வாயால் சொல்வார், காகிதமோ ஏற்கெனவே தந்துவிட்டதாகச் சொல்லும். நாளை நீங்கள் ‘பணம் வரவில்லை’ என்றால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆகவே பணம் கைக்கு வந்த அன்றுதான் கையெழுத்து. டிமாண்ட் டிராஃப்ட் அல்லது வங்கிப் பரிமாற்றமாக வாங்கி, அந்த எண்ணையும் தேதியையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியும் தவறு.

‘வர முடியலைன்னா ஒரு பவர் எழுதி அனுப்பு’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால், நீங்கள் பயப்படுகிற எல்லாவற்றையும் உங்களைக் கேட்காமலே உங்கள் பேரில் செய்ய முடியும்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள் சில இருக்கின்றன. அப்பா வாங்கிய மூல ஆதாரத்தின் நகல், வில்லங்கச் சான்று, கரம் கட்டிய ரசீது, வாரிசுச் சான்றிதழ். வில்லங்கச் சான்றுக்குக் கேரளப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பொள்ளாச்சியில் இருந்தபடியே செய்யலாம். வில்லங்கத்தில் உயில் தெரியாது என்பதையும் கவனியுங்கள். அப்பா உயிலைப் பதிவு செய்து வைத்திருந்தால், எழுதியவர் இறந்தபின் விண்ணப்பிக்கிற யாருக்கும் பதிவு அலுவலகம் நகல் தரும். ‘உயில் இல்லை’ என்பதை இப்படி நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். வாரிசுச் சான்றிதழுக்கு அரசிதழில் அறிவித்து, ஆட்சேபத்துக்கு அவகாசம் தந்துதான் தாசில்தார் கையெழுத்திடுவார். அது ஓணத்துக்குள் அவசர அவசரமாக வருகிற காகிதம் அல்ல. அப்புறம், போக்குவரவு என்று யாராவது சொன்னால் வண்டிப் போக்குவரத்து என்று நினைத்துவிடாதீர்கள். வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் பெயர் மாற்றுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் உரிமை தந்திருக்கிறது. மலையாளம் எழுத வராது என்பதற்காக மனு எழுதும் வேலையை அண்ணனிடமே விட்டுவிட வேண்டாம்.

நெருக்கடியும் தீர வேண்டும், உங்கள் பங்கும் நிற்க வேண்டும் என்றால்

எனக்குப் பட்ட நல்ல வழி, ஒழிமுறியே வேண்டாம் என்பதுதான். தோப்பை விற்பது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், அம்மா, அண்ணன்கள், நீங்கள் என்று நான்கு பேரும் விற்பவர்களாகச் சேர்ந்து கோயம்புத்தூர்க்காரருக்கு நேராக ஒரே கிரயம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொருவர் பங்குப் பணமும் வாங்குகிறவரிடமிருந்து அவரவர் கணக்குக்கே நேராக வரட்டும். அண்ணனின் கெடுவும் காப்பாற்றப்படும், கடனும் அடையும். வாங்குகிறவருக்கும் இதுவே பாதுகாப்பு, பின்னால் தங்கை வழக்குப் போடுவாளோ என்கிற பயம் அவருக்கு இருக்காது. ஆஸ்பத்திரிக் கடனில் உங்கள் பங்காக ஒரு தொகையை நீங்கள் ஏற்றுக்கொள்ள நினைத்தால், அதைக் கணக்குப் பார்த்து உங்கள் பணத்திலிருந்து அண்ணனுக்குக் கொடுங்கள். கடனுக்கு என்று கொடுத்தது கடனுக்கு என்றே இருக்கட்டும்.

தோப்பை விற்க உங்களுக்கு மனமில்லை என்றால் பாகப்பத்திரம் எழுதி 62½ சென்ட்டை அளந்து பிரித்துக்கொள்ளலாம். வழி, கிணறு, மோட்டார் யாருக்கு என்பதையெல்லாம் அதிலேயே எழுத வேண்டியிருக்கும். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு அதைப் பராமரிக்க முடியுமா என்று நீங்கள் யோசியுங்கள்.

உங்களை விட்டுவிட்டு அண்ணன் விற்றால்? அவர் தன் பங்கைத்தான் விற்க முடியும். வாங்கியவர் உங்கள் கால் பங்குக்கு உரிமையாளர் ஆக மாட்டார். பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டால், வழக்கு நடக்கும்போது நடக்கிற கிரயமும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் பாக வழக்கு இழுக்கும், வருடக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் நான்கு பேரும் சேர்ந்து விற்பதை முதலில் சொன்னேன்.

‘இப்போது போட்டுவிட்டுப் பிறகு கேஸ் போடலாமா?’

தயவுசெய்து இந்த யோசனையைக் கைவிடுங்கள். ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய உரிமை உண்டு என்பது உண்மை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் சார் பதிவாளர் முன்னால் நின்று, போட்டோவும் கைரேகையும் கொடுத்து, ‘ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்’ என்று ஒப்புக்கொண்ட பிறகு, ‘எனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது’ என்பதை நிரூபிப்பது பெரும் பாடு. மலையாளம் சரளமாகப் பேசுகிறவர் நீங்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக அதைத்தான் பிடித்துக்கொள்வார். பதிவு அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுத்தால் ரத்தாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பதிவாளர் சொத்து யாருடையது, பங்கு நியாயமா என்றெல்லாம் விசாரிப்பவர் அல்ல.

ஆனால் ஒன்று. கடைசி நிமிடம் வரை உங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. டோக்கன் போட்டு, எல்லோரும் வந்து நின்று, பத்திரத்தில் கையெழுத்துகூடப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவாளர் கேட்கும்போது ‘இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை’ என்று மறுத்தால், உங்களைப் பொறுத்தவரை அதைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்றுதான் பதிவுச் சட்டம் 35ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இடத்துக்கு நிலைமை போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நெருக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இது நினைவில் இருக்கட்டும்.

அம்மாவின் கையெழுத்து

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிற இந்த விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ‘அம்மாவும் போடுவாங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கும் உங்களைப் போலவே கால் பங்கு இருக்கிறது. 71 வயதில் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் கையில் எதுவும் மிஞ்சாது. இன்று பெரியண்ணன் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார், சரி. நாளை அவருக்கே ஒரு கஷ்டம் வந்தால்?

தோப்பை விற்றால் அம்மாவின் பங்குப் பணம் அம்மா பேரில் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கட்டும். வீட்டிடத்தில் அவர் பங்கை விட்டுக்கொடுக்கவே வேண்டாம், குறைந்தபட்சம் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை எழுதி வைக்க வேண்டும். யாருக்காவது எழுதித்தான் கொடுப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், ‘கடைசி வரை உணவு, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும்’ என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பை நிரூபித்துப் பெறுவது கடினமாகிவிடும்.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது

போனில் வேண்டாம், அண்ணி பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, “அண்ணா, நான் விற்க வேண்டாம்னு சொல்லலை. பார்ட்டிகூடப் போட்ட அக்ரிமென்டைக் காட்டுங்க. நாலு பேரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்துடலாம். கடன் எவ்வளவுன்னு சொல்லுங்க, அதையும் பேசிக்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். சின்ன அண்ணன் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். அவருடைய பங்கும் இதே வேகத்தில்தான் எழுதப்படுகிறது, அவருக்கும் கேட்க நிறைய இருக்கலாம்.

பிறந்த வீட்டு வாசல் அடைபடுமா என்று கேட்டீர்கள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அது நடக்கும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து லட்சம் வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போய், கோர்ட் வாசலில் எதிரெதிரே நின்ற அண்ணன் தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோயிருக்கிறது. முன்கூட்டியே கணக்குப் பேசிக்கொண்ட குடும்பங்களில் சண்டை வந்தாலும் அடுத்த தை நோன்புக்குள் பேசிவிடுகிறார்கள்.

பேசியும் வழிக்கு வராவிட்டால் வழக்குக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். லோக் அதாலத்தில் உடன்பாடு ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள்.

நான் மேலே சொன்னதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துத்தான். அக்ரிமென்ட் நகல், ஒழிமுறி நகல், அந்த 50 ரூபாய் பத்திரம் ஆகிய மூன்றையும் போட்டோ எடுத்து உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அதில் முதலில் வாங்க வேண்டியது அக்ரிமென்ட் நகல். அதில் கெடுத் தேதியோடு, தோப்பு மொத்தம் என்ன விலைக்குப் பேசப்பட்டிருக்கிறது என்பதும் இருக்கும். ஐந்து லட்சம் சரியா தப்பா என்பதற்குப் பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.